அக்கரையில் குடித்த பால்

எங்கள் நிக்காஹ்வுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மண்கும்பானில் பெண் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, எத்தனை பேருக்குச் சமைப்பது, நயினாதீவிலிருந்து வருகிறவர்களை எந்த வாகனத்தில் ஏற்றுவது என்று கதைத்துக்கொண்டிருந்தோம். என் ராத்தாவும் வந்திருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். உம்மாவும் வாப்பாவும் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே சொந்தம். முப்பத்தைந்து வயது வரைக்கும் வள்ளங்களின் என்ஜின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வந்த தம்பிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு. சந்தோஷம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

"இவன் உயிரோட இருக்கிறதே பெரிய காரியம் மாமி," என்று குசினிப் பக்கம் பார்த்துத் தொடங்கினாள். "சண்டைக்குள்ள உம்மா இவனைக் கையில வைச்சுக்கொண்டு ஊர்காவற்றுறையில கடற்கரை வேதக் கோயில் மண்டபத்தில அகதியா இருந்தவ. நானும் வாப்பாவும் யாழ்ப்பாணத்தில மாட்டுப்பட்டிட்டம். அங்க உம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து, பாலும் வத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவையாம். மண்டபத்தில இருந்த ஆரோ ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் இவனுக்குப் பால் குடுத்துக் காப்பாத்தினது. மௌத்தாகிற மட்டும் உம்மா அந்தப் பிள்ளைக்கு துஆ கேட்டவ, நாங்கள்தான் பேர் ஊர் கேட்டு வைக்கேல்லை."

எனக்கு மாமியாராக வர இருந்தவர் அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்தார். தட்டை மேசையில் வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"எந்த மண்டபம் எண்டு சொன்னனீர்?"

ராத்தா திரும்பவும் சொன்னாள்.

மாமி கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளை நான்தான்," என்றார்.

ராத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று கத்திக்கொண்டு எழுந்தாள். மாமியைக் கட்டிப்பிடிக்க இரண்டு கையையும் நீட்டினவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். மாமியின் முகத்தில் இருந்தது அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது. எனக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு எல்லோருக்கும் முன்பே விளங்கியிருக்க வேண்டும். உள்ளே கதவு மெல்லச் சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

எங்கள் மார்க்கத்தில் பாலும் இரத்தம் மாதிரித்தான். யார் யாரைக் கல்யாணம் செய்யக் கூடாது என்று குர்ஆன் சொல்லும் இடத்தில், பெற்ற தாய், மகள், கூடப் பிறந்தவள் என்று வருகிற அதே வரிசையில் பாலூட்டிய தாயும் வருகிறாள், பால்குடிச் சகோதரியும் வருகிறாள். இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை வேறொரு பெண்ணிடம் பால் குடித்தால், அவள் அதற்குத் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லோரும், பிறகு பிறக்கப் போகிறவர்களும்கூட, அதற்கு உடன்பிறப்புகள். நாங்கள் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபில் வயிறு நிறைய ஐந்து தரமாவது குடித்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மாமி குடுத்தது ஐந்து தரம் இல்லை. நாலைந்து நாள்.

அதாவது, நான் கட்டப்போகிற பெண் எனக்குத் தங்கச்சி.

அன்றைக்கு யாரும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

அடுத்த நாள் நானும் மாமியும் ராத்தாவும் மௌலவியிடம் போனோம். அவர் என்னைவிட இளையவர், மெலிந்த மனிதர், அவசரப்பட்டு ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். மாமியை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு இருபத்தொரு வயசு," என்றார் மாமி. "மூத்தவன் கைப்பிள்ளை. ஊர்காவற்றுறையில எங்களுக்குக் கடை இருந்தது. செல்லடி தொடங்க எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போயிட்டம். ஒருநாள் பின்னேரம் என்ர மாமி ஒரு ஆம்பிளைப் பிள்ளையைக் கொண்டுவந்து என்ர மடியில போட்டா. இதின்ர தாய் ஆஸ்பத்திரியில, நீ பால் குடு எண்டா. குடுத்தன். என்ர மகனுக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம். பேந்து நாங்கள் வேலணைக்கு வெளிக்கிட்டம். போகேக்க பிள்ளையை ஒரு கோயில் சிஸ்டரிட்டக் குடுத்திட்டுப் போனம். தாயை நான் காணவே இல்லை."

"பிள்ளையின்ர பேர் தெரியுமோ?"

"தெரியாது. ஆரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. உயிர் தப்பினால் காணும் எண்ட நிலைமை."

மௌலவி கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நபிகள் நாயகம் (ஸல்) காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். மக்காவில் ஒருவர் கல்யாணம் முடித்திருந்தார். ஒரு பெண் வந்து, உனக்கும் உன் மனைவிக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன் என்றாள். எனக்குத் தெரியாதே, நீ முன்பு சொல்லவும் இல்லையே என்றார் அவர். பெண் வீட்டாருக்கும் தெரியவில்லை. மனம் கேளாமல் ஒட்டகத்தில் ஏறி மதீனாவுக்குப் போய் நபிகளிடமே கேட்டார். இப்படி ஒரு சொல் வந்த பிறகு எப்படிச் சேர்ந்திருப்பது என்று நபிகள் கேட்டார்கள். அவர் பிரிந்துவிட்டார்.

ராத்தா அழத் தொடங்கிவிட்டாள். தன் வாயால்தான் இவ்வளவும் வந்தது என்று அவளுக்கு.

"அழாதீங்க," என்றார் மௌலவி. "நீங்கள் சொன்னது நல்லது. நிக்காஹ் முடிஞ்சாப்பிறகு தெரிஞ்சிருந்தா எவ்வளவு கஷ்டம்? இன்னொண்டையும் கேளுங்க. அந்த ஹதீஸை எங்கட இமாம்கள் பேணுதலுக்கு, ஒரு எச்சரிக்கைக்குச் சொன்னது எண்டுதான் விளங்கியிருக்கினம். சந்தேகத்தை மட்டும் வைச்சு ஹலாலான ஒண்டை ஹராமாக்க ஏலாது. அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டவும் ஏலாது. அந்த மண்டபத்தில எத்தினை பிள்ளையள் இருந்திருக்கும்? ஆருக்குக் குடுத்தது எண்டு அறிஞ்ச ஆரும் உயிரோட இருப்பினம். தேடிப் பாருங்க. பிறகு வாங்க."

வெளியே வந்ததும் எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. விசாரித்து எந்தப் பக்கம் முடிந்தாலும் மாமி எனக்குத் தாய்தான். பாலால் தாய், இல்லாவிட்டால் கல்யாணத்தால் தாய். அவர் முன்னால் நான் அந்நியனாக நிற்கத் தேவையில்லாத நிலை எப்படியும் வரப்போகிறது. அந்தரத்தில் தொங்கினது அவருடைய மகளுக்கும் எனக்கும் இருந்த உறவு மட்டும்தான்.

பின்னேரம் அவள் எனக்குப் போனில் கோல் எடுத்தாள். வேலணையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கல்யாணப் பேச்சுப் பேசி முடித்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் கதைப்போம். பெரும்பாலும் அவள் வகுப்புப் பிள்ளைகளின் குறும்புகளைச் சொல்லுவாள், நான் சிரிப்பேன்.

"தெரியிற மட்டும் நாங்கள் கதைக்காமல் இருப்பம்," என்றாள்.

"ஓம்," என்றேன்.

"கோவமில்லைத்தானே?"

"உம்மில என்ன கோவம்?"

பிறகு அவளே சொன்னாள். "எனக்குக் கூடப்பிறந்த ஒரு காக்காதான் இருக்கிறார். அவரும் கட்டாரில. இன்னொரு காக்கா கிடைச்சால் நல்லதுதான் எண்டு நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிப் பாத்தன். சரிவரேல்லை."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கோலை வைத்துவிட்டாள்.

விசாரிக்க எங்களிடம் பெரிய வழி எதுவும் இருக்கவில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டி வந்தது. எங்கள் குடும்பம் புத்தளத்துக்குப் போய் ஓலைக் கொட்டிலில் பல வருடம் இருந்தது. உம்மா அங்கேதான் மௌத்தானார். எனக்கு அப்போது பதினொரு வயது. வாப்பா என்னோடு நயினாதீவுக்குத் திரும்பி வந்து, பழைய வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். மாமியின் மாமியாரும் இல்லை, கணவரும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கப்றுகளில் இருந்தார்கள்.

அதனால் ஊர்காவற்றுறைக்கே போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"அந்த நேரம் மண்டபத்தில சனத்துக்குச் சமைச்சுப் போட்ட ஒரு பிள்ளை இருந்தது. பெடியனைப் பெத்து ஒரு வருசமும் ஆகேல்லை. இடுப்பில அவனை வைச்சுக்கொண்டு அகப்பை பிடிக்கும். அதுக்குத் தெரியாமல் அங்க ஒண்டும் நடந்திராது. புருசன் செத்தாப்பிறகு மகனோட நெடுந்தீவில இருக்குது. போய்க் கேளும்."

நான் தனியாகப் போக நினைத்தேன். மாமி விடவில்லை. "குடுத்தது நான். கேக்க வேண்டியதும் நான்தான்," என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளத்தில் ஏறினோம். சோளகக் காற்று. வள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டது. மாமிக்குத் தலைசுற்று. கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி மணந்துகொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார். கடலிலே பிழைக்கிறவனுக்கு எதற்குத் தேசிக்காய் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் வாங்கி மணந்தேன்.

நெடுந்தீவில் இறங்கி ஓட்டோக்காரரிடம் அந்தப் பெரியவர் சொன்ன அடையாளங்களைச் சொன்னோம். கொண்டுபோய் வாசலிலேயே விட்டார். கல்லை அடுக்கிக் கட்டின மதில், உள்ளே பூவரச மரம், அதற்குக் கீழே பாயில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் காகத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். கழுத்தில் செபமாலை.

"ஆர் பிள்ளையள்? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ," என்றார். ஆரென்று தெரிய முன்பே இரண்டு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

மாமி உட்காரவில்லை. "அக்கா, சண்டைக்குள்ள ஊர்காவற்றுறைக் கோயில் மண்டபத்தில சமைச்சது நீங்கள்தானே?"

"ஓம். நானும் இன்னும் கொஞ்சப் பேரும்."

"அங்க ஒரு முஸ்லிம் பொம்பிளைக்குக் காய்ச்சல் கடுமையாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை. அவவுக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளை..."

அந்த அம்மா கையில் இருந்த தடியைக் கீழே போட்டார். "அந்தப் பிள்ளை உயிரோட இருக்கோ?"

மாமி என்னைக் காட்டினார். "இவர்தான்."

அவர் என்னிடம் வந்தார். கருவாட்டு மணம் வீசின கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து முகத்தை ஒரு பக்கமும் மறு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் திருத்துகிற, தாடி வைத்த ஒரு மனிதனின் முகத்தை யாரும் அப்படித் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். நான் அசையாமல் நின்றேன்.

"பொக்கை வாயோட என்னைப் பாத்துச் சிரிக்கிறவன்," என்றார். "ஏழு மாசமாகியும் ஒரு பல்லுக்கூட வரேல்லை உனக்கு. இப்ப எல்லாம் முளைச்சிட்டுது." சிரித்துக்கொண்டே அழுதார். "கொம்மா எங்க மோனை?"

"மௌத்தாகிட்டா அம்மா. நான் சின்னனில."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமியால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அக்கா, இவருக்கு அங்க பால் குடுத்தது நான். எத்தினை நாள் குடுத்தனான் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ? என்ர மகளை இவருக்குக் கட்டிக் குடுக்க இருந்தனாங்கள். எங்கட மார்க்கத்தில பால் குடுத்தால் ரெண்டும் சகோதரங்கள். கட்ட ஏலாது. அதைத்தான் கேட்டுப் போக வந்தனாங்கள்."

அந்த அம்மா நெற்றியைச் சுருக்கினார். "நீங்களோ? இல்லையே பிள்ளை. இவனுக்குக் குடுத்தது நானெல்லோ."

காகம் வந்து ஒரு கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் அதைத் துரத்தவில்லை.

"இருங்கோ, வடிவாச் சொல்லுறன்," என்றார் அந்த அம்மா. நாங்கள் உட்கார்ந்தோம். "இவன்ர தாய்க்கு விடியக் காய்ச்சல் ஏறி, மத்தியானம் நினைவு தப்பிப் போச்சு. அக்கரைக்குக் கொண்டுபோனால்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி. என்ர மனுசன் வள்ளத்தை எடுத்தார். அவவோட போக ஆளில்லை. பிள்ளையும் பசியில கத்துது. எனக்குப் பால் இருந்தது. நான் இவனைத் தூக்கிக்கொண்டு ஏறிட்டன். என்ர பெடியனை மண்டபத்தில விட்டன். அலையில ரெண்டு பிள்ளையை வைச்சிருக்க ஏலாது, பின்னேரம் திரும்பிடலாம் எண்டு நினைச்சன். அக்கரைக்குப் போன கையோட வள்ளம் ஓடக் கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். ஆஸ்பத்திரியில இவனும் நானும்தான். கட்டிலுக்குக் கீழ படுத்து இவனுக்குப் பால் குடுக்கிறன், என்ர பிள்ளை அங்க ஆரிட்ட என்ன குடிக்குதோ எண்டு அழுறன். கடல் திறந்து திரும்பி வரேக்க ஒரு கிழமை ஆகிட்டுது."

"தாயும் உங்களோட திரும்பி வந்தவவோ?" என்று மாமி கேட்டார்.

"வந்தவ. காய்ச்சல் விட்டிட்டுது, ஆனால் பால் வரேல்லை. பிறகும் ரெண்டு மூண்டு கிழமை நான்தான் குடுத்தன்."

மௌலவி சொல்லிவிட்ட ஒரு கேள்வி என்னிடம் மிச்சம் இருந்தது. "அம்மா, வள்ளத்தில ஏத்த முன்னம் மண்டபத்தில வேற ஆரும் எனக்குக் குடுத்திருப்பினமோ?"

"அண்டைக்குக் காலமையும் தாயே குடுத்தவ. நான் பாத்தனான். வேற ஆற்ற மடியிலயும் நீ கிடக்கேல்லை."

மாமி தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "அப்ப நான் ஆருக்குக் குடுத்தனான்? இதின்ர தாய் ஆஸ்பத்திரியில எண்டு சொல்லித்தானே என்னட்டத் தந்தவை?"

அந்த அம்மா கதிரையிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன்.

"உங்கட மடியில கிடந்தவன்," என்றார், "கடிச்சவனோ?"

"கடிச்சவன்," என்றார் மாமி. "ரெண்டு பல்லு. ரத்தம் வரக் கடிச்சவன்."

"நானும்தானே பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்தனான்! என்ர பெடியன்ர தாயும் ஆஸ்பத்திரியிலதானே!"

அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா திரும்பி வந்தபோது தன் மகன் ஒரு சிஸ்டரின் கையில் கொழுகொழுவென்று இருந்தானாம். ஒரு முஸ்லிம் பொம்பிளைப் பிள்ளை தன் பிள்ளையைப் போலப் பார்த்தது, இரண்டு நாளைக்கு முன்தான் வேலணைக்குப் போயிட்டுது என்று சிஸ்டர் சொன்னாராம். வேலணையில் போய்த் தேடினபோது எல்லோரும் அங்கிருந்தும் இடம்பெயர்ந்துவிட்டார்களாம். "ஒரு நன்றி சொல்லக் கிடைக்கேல்லை எண்டு எத்தினை வருசம் கவலைப்பட்டன்," என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மாமியோ, "எனக்குக் கல்யாணம் நடக்கும், அக்கா, எனக்குக் கல்யாணம் நடக்கும்," என்றார். தனக்குத்தான் கல்யாணம் என்பதுபோல. அதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு அந்த அம்மா மதிலடிக்குப் போய்க் கடற்கரைப் பக்கமாகக் கூப்பிட்டார். "டேய்! வலையை விட்டிட்டு இஞ்ச ஓடிவா! உனக்குப் பால் தந்த ஆள் வந்திருக்கிறா!"

என் வயதுள்ள, என்னைவிட இரண்டு மடங்கு பருமனான ஒரு மீனவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் மாமியைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "கடிச்சதுக்குக் குறை நினைக்காதேங்கோ," என்றார்.

மத்தியானம் சாப்பிடாமல் போக விடவில்லை. "உங்களுக்கு இறைச்சி எண்டால் அறுத்த முறை பாக்கோணும். மீனுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு விளைமீன் குழம்பு வைத்தார். லுஹர் தொழ இடம் கேட்டேன். நடு அறையைக் கூட்டி, துவைத்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்துவிட்டு, சுவரில் இருந்த சாமிப் படத்தைப் பார்த்து யோசித்தார். "இது இருக்க நீ தொழலாமோ மோனை?" என்றார். விறாந்தையிலேயே தொழுகிறேன் என்று துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்ததும் எழும்ப மனம் வரவில்லை. அத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்தத் துணியிலேயே இறங்கினது போல இருந்தது.

அந்த வீட்டு வாசலில் நுழைந்தபோது அவரை மரியாதைக்கு அம்மா என்றேன். புறப்படும்போதும் அம்மா என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கோல் எடுக்க அங்கே சிக்னல் சரியில்லை. இறங்குதுறைக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. மாமி பேசட்டும் என்று நினைத்தேன். அவர் போனை என்னிடமே தந்துவிட்டு அப்பால் போய் நின்றார்.

"என்ன மாதிரி?" என்று கேட்டாள். பயந்த குரல்.

"உமக்கு ஒரு காக்கா கிடைச்சிருக்கிறார்," என்றேன். "ஆனால் அது நானில்லை."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கினதும் போனை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள் போல. யாருக்கோ ஏதோ கத்திச் சொல்வது தூரத்தில் கேட்டது. அவள் திரும்பி வர நான் காத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமே மௌலவியிடம் போனோம். அவர் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, சரியா என்று தனக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நீங்க குடிச்சது நெடுந்தீவு அம்மாவிட்ட. அவவின்ர மகன் உங்களுக்குச் சகோதரன். அந்த மகன் குடிச்சது மாமியிட்டயும். அதால உங்கட பொம்பிளை அவருக்குச் சகோதரி. ஆனால் நீங்களும் பொம்பிளையும் ஒரு தாயிட்டக் குடிக்கேல்லை. சகோதரனுக்குச் சகோதரி எண்டதுக்காக அவ உங்களுக்குச் சகோதரி ஆக மாட்டா. தாராளமாக் கட்டலாம்."

"பால் தந்தவ கிறிஸ்தவ ஆள். அதில ஒண்டும் இல்லையோ?" என்று ராத்தா கேட்டாள்.

"பாலுக்கு மதம் கிடையாது. தாய் தாய்தான்." பிறகு சொன்னார், இந்த முறை சிரித்துக்கொண்டு. நபிகளையும் பெற்ற தாய் மட்டும் வளர்க்கவில்லை. தகப்பனை இழந்த குழந்தையைப் பாலைவனத்துப் பெண் ஒருத்தி பஞ்ச காலத்தில் வாங்கிக்கொண்டு போய்ப் பால் கொடுத்து வளர்த்தாள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு போரில் பிடிபட்டவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் நபிகளிடம் வந்து, நான் உங்கள் பால்குடிச் சகோதரி என்றாள். அடையாளமும் காட்டினாள். நபிகள் தங்கள் மேலாடையை எடுத்து நிலத்தில் விரித்து அவளை அதில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு வேண்டியதைக் கொடுத்து, விரும்பினபடியே அவள் சனத்திடம் அனுப்பினார்கள். "அப்ப அவ முஸ்லிம் இல்லை, எதிர்ப்பக்கத்து ஆள்," என்றார் மௌலவி. "நெடுந்தீவு அம்மாவுக்கு அழைப்புச் சொல்லியாச்சோ?"

சொல்லியாகிவிட்டது. அவரும் மகனும் நிக்காஹ்வுக்கு முதல் நாளே வந்து இறங்கினார்கள், ஒரு பெட்டி நிறைய நண்டோடு. அந்த அம்மா பெண்கள் பக்கம் வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். ராத்தா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையின் தாய்க்கென்று போட்டிருந்த கதிரையில் உட்கார வைத்தாள். மகனை மாமி நேரே மணப்பெண் இருந்த அறைக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். சொந்தக்காரப் பெண்கள் பதறி முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். பெண் மட்டும் தலையை மூடாமல் எழுந்து நின்று, "வாங்க காக்கா," என்றாள். பெரிய உடம்புக்காரர், சொல்லத் தெரியாமல் தங்கச்சி என்று ஒருதரம் சொல்லிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கண்ணைத் துடைப்பதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

பெண்ணின் காக்கா கட்டாரிலிருந்து வந்திருந்தார். அவர்தான் வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, இருந்து ஒப்புக்கொடுத்தார். நான் ஏற்றுக்கொண்டதாகக் கபூல் சொன்னபோது என் குரல் சரியாகத்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

இப்போது இரண்டு வருடமாகிறது. கடல் நல்லாக இருக்கிற நாட்களில் நானும் மனைவியும் நெடுந்தீவுக்குப் போவோம். அவர்களுடைய நத்தாருக்கும் போவோம், எங்கள் பெருநாளுக்கு அவர்கள் வருவார்கள். மாமியும் அந்த அம்மாவும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போனில் கதைக்கிறார்கள். அரை மணித்தியாலம் போகும். நான் வீட்டுக்குள் வந்தால் மாமி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். என்னைப் பற்றித்தான் இரண்டு பேரும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். கேட்டால் இரண்டு பேரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.